பெய்ஜிங் முட்டிகள்: குத்தவைத்து உட்காருவது மூட்டைத் தேய்க்கிறதா? ஒரு நிகழ்வு ஆய்வு

முட்டி வலி என்று எக்ஸ்ரே எடுத்த வீட்டில் அடுத்த மாதமே கொத்தனார் வேலை நடக்கும். இந்தியன் கழிப்பறையை உடைத்துவிட்டு வெஸ்டர்ன் வைப்பார்கள். "இனிமே குத்தவைக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க தம்பி" என்பார் அந்த அம்மா. அதே வீட்டில் மகனுடைய போனில் நேர்மாறான செய்தி சுற்றிக்கொண்டிருக்கும்: வெஸ்டர்ன் வந்த பிறகுதான் மலச்சிக்கல், மூலம், மூட்டுவலி, குடல் புற்றுநோய் எல்லாம் வந்தது, முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை என்று. பிசியோதெரபி அறையில் இந்த இரண்டு கட்சிக்காரர்களையும் ஒரே நாளில் பார்க்கலாம். பல சமயம் ஒரே ஆட்டோவில்தான் வந்து இறங்குவார்கள்.

இரண்டு பேச்சும் ஒரு விஷயத்தை விட்டுவிடுகின்றன. குத்தவைப்பது என்றால் எவ்வளவு நேரம்? காலையில் கழிப்பறையில் ஐந்து நிமிடமா, கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரமா? இதை நேராகக் கேட்டு, பதிலை எக்ஸ்ரேயோடு பொருத்திப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று பெய்ஜிங்கில் நடந்தது. "குத்தவைத்தால் முட்டி தேயும்" என்று ஒரே வரியில் அதைச் சுருக்கிச் சொல்கிறவர்கள் உண்டு. முழுதாகப் படித்தால் கதை அப்படி இல்லை.

யாரை, எப்படிப் பார்த்தார்கள்

பெய்ஜிங் மூட்டுத் தேய்மான ஆய்வை அமெரிக்க ஆய்வாளர்களும் சீன மருத்துவர்களும் சேர்ந்து நடத்தினார்கள். நகரத்தின் நடுப்பகுதியில் குடியிருப்புகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வீடு வீடாகப் போய் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைச் சேர்த்தார்கள். முட்டி ஆய்வில் இருந்தவர்கள் 1,781 பேர். வலி தாங்காமல் மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். இங்கே வலி இருப்பவர், இல்லாதவர், முட்டியைப் பற்றி யோசித்தே இராதவர் எல்லோரும் எக்ஸ்ரே பலகைக்கு முன் நின்றார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிரேமிங்ஹாம் ஊரை எடுத்துக்கொண்டார்கள். 1948-இல் இதய நோய் ஆய்வு தொடங்கிய அதே ஊர். அங்கே 1983 முதல் 1985 வரை முதியவர்களுக்கு முட்டி எக்ஸ்ரே எடுத்து வைத்திருந்தார்கள். நாற்காலி, சோபா, கார், உட்காரும் கழிப்பறை என்று வாழ்ந்த வெள்ளையர்கள் ஒரு பக்கம். குத்தவைத்துத் துவைத்து, குத்தவைத்துச் சமைத்து, தெருமுனைப் பொதுக் கழிப்பறைக் குழியில் குத்தவைத்து இளமையைக் கழித்த பெய்ஜிங்வாசிகள் மறு பக்கம்.

பெய்ஜிங்கின் பழைய சந்துகளில் பல குடும்பங்கள் ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தன. வீட்டுக்குள் கழிப்பறை கிடையாது. தண்ணீர்க் குழாயும் பொது. ஆய்வுக்கு வந்தவர்கள் இருபதுகளில் இருந்த காலம் 1960-களின் தொடக்கமும் அதற்கு முந்தைய பத்தாண்டுகளும். நம் ஊரில் அடி பம்பைச் சுற்றி உட்கார்ந்து துணி கும்மிய தலைமுறையை நினைத்துக்கொண்டால் போதும், அந்த முற்றம் கண்ணில் தெரிந்துவிடும்.

எக்ஸ்ரே சொன்னது

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும், தேய்கிற பகுதியான குருத்தெலும்பு முட்டி எக்ஸ்ரேயில் தெரியாது. தொடை எலும்புக்கும் கணுக்கால் பக்கம் இறங்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் கறுப்பு இடைவெளிதான் தெரியும். அந்த இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது, ஓரங்களில் எலும்பு முள் போல நீண்டிருக்கிறதா என்பதைப் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். 1957-இல் கெல்கிரனும் லாரன்சும் வகுத்த முறை, இன்றைக்கும் அதுதான். 2 என்றாலே தேய்மானம் என்று கணக்கு. படம் நின்றபடி எடுத்தால்தான் சரியாக இருக்கும். படுக்க வைத்து எடுத்தால் பாரம் இல்லாத இடைவெளி அகலமாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். நம் ஊரில் அப்படி எடுத்த படத்தோடு வருகிறவர்கள் நிறைய. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

பெய்ஜிங் பெண்களில் 42.8 சதவீதம் பேருக்கு எக்ஸ்ரேயில் தேய்மானம் இருந்தது, ஆண்களில் 21.5 சதவீதம். எக்ஸ்ரே மாற்றத்தோடு வலியும் சேர்ந்திருந்தவர்கள் பெண்களில் 15 சதவீதம், ஆண்களில் 5.6 சதவீதம். ஃபிரேமிங்ஹாம் பெண்களோடு ஒப்பிட்டால் பெய்ஜிங் பெண்களுக்குத் தேய்மானம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம். ஆண்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை.

வழியில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 42.8-க்கும் 15-க்கும் நடுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் பாருங்கள். படத்தில் தேய்ந்துபோன முட்டியோடு வலி இல்லாமல் நடமாடும் பெண்கள், வலி உள்ளவர்களைவிட அதிகம். எக்ஸ்ரே கவரைத் திறந்து "தேஞ்சுபோச்சு" என்று சொன்ன மறு நிமிடமே ஒருவர் நொண்ட ஆரம்பிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து வந்ததுதான் ஆச்சரியம். அதே ஆட்களில் 1,506 பேருடைய இடுப்பு மூட்டைப் படம் எடுத்தார்கள். பெண்களில் 0.9 சதவீதம், ஆண்களில் 1.1 சதவீதம் பேருக்குத்தான் தேய்மானம். அமெரிக்க வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் இது 80 முதல் 90 சதவீதம் குறைவு. அதே உடம்பு, அதே வாழ்க்கை. முட்டி அதிகம் தேய்ந்திருக்கிறது, இடுப்பு மூட்டு கிட்டத்தட்டப் புதிதாக இருக்கிறது.

குத்தவைப்பதை ஆதரிப்பவர்கள் இடுப்பு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, மூட்டை முழு வீச்சில் மடக்கி நீட்டியதால் காப்பாற்றப்பட்டது" என்பார்கள். எதிர்ப்பவர்களுக்கு முட்டி எண் போதும். இரண்டையும் சேர்த்து விளக்க முடியாத வாதத்தை நான் வாதமாக எடுத்துக்கொள்வதில்லை.

25 வயதில் எவ்வளவு நேரம்?

ஆய்வாளர்கள் அடுத்துக் கேட்டது இதைத்தான். உங்களுக்கு 25 வயது இருந்தபோது ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் குத்தவைத்திருப்பீர்கள்? பதில் 2004-இல் வெளியானது. நாளுக்கு ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் என்றவர்கள் ஆண்களில் 40 சதவீதம், பெண்களில் சுமார் 68 சதவீதம்.

பிறகு அந்த நேரத்தைப் படிப்படியாகப் பிரித்து, அரை மணிக்கும் குறைவாகக் குத்தவைத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நாளுக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குத்தவைத்தவர்களுக்குத் தேய்மான வாய்ப்பு ஆண்களில் இரண்டு மடங்கு, பெண்களில் அதைவிடச் சற்றுக் கூடுதல். கீழ்ப்படிகளில் அப்படி இல்லை. அரை மணி, ஒரு மணி என்று சொன்ன ஆண்களின் முட்டி, அரை மணிக்கும் குறைவாகக் குத்தவைத்தவர்களின் முட்டியிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. ஏற்றம் தெளிவாகத் தெரிவது மணிக்கணக்குகள் கூடிய பிறகு.

ஆய்வாளர்கள் முடிவுரையில், நெடுநேரம் குத்தவைப்பது முட்டித் தேய்மானத்துக்கு வலுவான காரணி என்றும், பெய்ஜிங்குக்கும் ஃபிரேமிங்ஹாமுக்கும் இடையிலான வித்தியாசத்தில் கணிசமான பங்கை அது விளக்குகிறது என்றும் எழுதினார்கள். செய்தியாகப் பரவியது இந்த வரிதான். கழிப்பறையில் யாரும் மூன்று மணி நேரம் உட்காருவதில்லை என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

ஆய்வில் இடிக்கும் இடங்கள்

அறுபது, எழுபது வயதில் ஒருவரிடம் 25 வயதுக் கணக்கைக் கேட்டால் வருவது நினைவுதான், அளவு அல்ல. அதிலும் முட்டி வலி உள்ளவர் "அந்தக் காலத்துல எவ்வளவு குத்தவச்சு வேலை பார்த்தேன்" என்று கூட்டிச் சொல்லவே வாய்ப்பு அதிகம். நம் பாட்டிமார்களிடம் கேட்டுப் பாருங்கள், புரியும்.

குத்தவைத்த நேரத்தோடு கூடவே வரும் மற்ற பாரங்களும் உண்டு. மூன்று மணி நேரம் குத்தவைத்தவர் அந்த நேரத்தில் சும்மா இருந்திருக்க மாட்டார். வாளி தூக்கியிருப்பார், ஈரத் துணி பிழிந்திருப்பார், ஐம்பது தடவை எழுந்து உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது சிக்கல் எலும்பின் அமைப்பு. அதே ஆய்வுக் குழு இன்னொரு கட்டுரையில், பெய்ஜிங்வாசிகளுக்கு முட்டியின் வெளிப்பக்கத் தேய்மானம் ஃபிரேமிங்ஹாமைவிட அதிகம் என்று காட்டியது. வழக்கமாகத் தேய்வது உள்பக்கம். கால் எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் கோணமே இரு மக்களிடமும் வேறு என்றால், உட்காரும் பழக்கத்தின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. இடுப்பு மூட்டு விஷயத்திலும் இதே கதை. தொடை எலும்பின் தலையும் அது பொருந்தும் கிண்ணமும் ஒன்றோடொன்று முட்டி உரசும்படியான வடிவம் சீனப் பெண்களிடம் குறைவு என்று பின்னால் வந்த ஒப்பீடுகள் காட்டின. இடுப்பைக் காப்பாற்றியது குத்தவைக்கும் பழக்கம் என்று சொல்ல இருந்த சாட்சி அதோடு பலவீனமாகிவிட்டது.

இத்தனையும் கழித்த பிறகும் மூன்று மணி நேரக்காரர்களின் இரண்டு மடங்கு நிற்கிறது. அதை நான் நம்புகிறேன். வேறு நாடுகளில், வேறு தொழில்களில், வேறு முறையில் பார்த்தவர்களும் அதே பக்கம்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

முட்டிக்குள்ளே

ஒருவரைக் குத்தவைக்கச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இறங்கும்போது முட்டி 90 பாகையைத் தாண்டி மடங்க மடங்க, தொடை எலும்பு பின்னுக்கு உருண்டு, முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் ஜவ்வின் பின்முனையை அழுத்துகிறது. முட்டிச் சில்லு தொடை எலும்பின் பள்ளத்துக்குள் இறுக்கமாக அமர்கிறது. பாரம் கூடிக்கொண்டே போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் முழுதாக இறங்கிவிட்டால் தொடையின் பின்சதை கெண்டைக்கால் மேல் படிந்துவிடுகிறது. அந்த இடத்தில் ஒவ்வொரு காலிலும் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சதையே தாங்கிக்கொள்கிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஆகவே முழுதாக உட்கார்ந்த நிலை, பாதியில் நிற்கும் நிலையைவிட முட்டிக்கு இலகு. கடினம் எழுந்திருக்கும்போதுதான். வலி உள்ளவர்கள் கழிப்பறையில் எதை வெறுக்கிறார்கள் என்று கேளுங்கள். உட்காருவதை அல்ல, குழாயைப் பிடித்துக்கொண்டு எழுவதைச் சொல்வார்கள்.

குதிகாலையும் பார்க்க வேண்டும். சிறு வயதிலிருந்து பழகியவருக்குக் குதிகால் தரையில் படிந்திருக்கும். பழகாதவருக்குக் கணுக்கால் அவ்வளவு மடங்காது. குதிகால் தூக்கிக்கொள்ளும், எடை முழுக்க விரல் நுனிக்குப் போகும், முட்டி முன்னால் பிதுங்கும், இல்லை ஆள் பின்னால் விழுவார். இப்படிக் குந்துகிறவரின் முட்டிக்கு ஆகும் பாரமும் பழகியவரின் பாரமும் ஒன்றல்ல.

கணுக்கால் எலும்பில் இந்தப் பழக்கம் தடமே பதிக்கும். இந்தியாவில் பணியாற்றிய உடற்கூறியல் பேராசிரியர் ஹேவ்லாக் சார்ல்ஸ் 1893-இல் பஞ்சாபியர்களின் கால் எலும்புகளை ஆராய்ந்து, முன்புறத்தில் எலும்பும் எலும்பும் தொடும் இடத்தில் சிறு வழவழப்பான பரப்புகள் இருப்பதைக் காட்டினார். தொல்லியல் எலும்புக்கூடுகளில் ஒருவர் குத்தவைத்து வாழ்ந்தவரா என்று கண்டுபிடிக்க இன்றும் அந்தப் பரப்புகளைத் தேடுகிறார்கள்.

13,000 மணி நேரம்

முட்டித் தேய்மானத்தைத் தொழில்நோய் என்று ஜெர்மனி சட்டப்படி ஏற்றுக்கொள்கிறது. அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வாழ்நாளில் மொத்தம் 13,000 மணி நேரமாவது மண்டியிட்டோ அதற்கு இணையாக முட்டியை மடக்கியோ வேலை செய்திருக்க வேண்டும், ஒரு வேலை நாளில் குறைந்தது ஒரு மணி நேரம். பிரிட்டனும் 2009-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் முட்டித் தேய்மானத்தைப் பட்டியலில் சேர்த்தது. பின்னர் தரைக் கம்பளம் பதிப்பவர்களையும் சேர்த்தது.

இந்த 13,000-ஐ நம் கழிப்பறைக்குப் பொருத்திப் பார்ப்போம். நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் வருடத்துக்கு 61 மணி நேரம்கூட ஆகாது. 13,000 தொட 213 வருடம் வேண்டும். பெய்ஜிங் பெண்களின் மூன்று மணி நேரக் கணக்கில் அதே எல்லையை 12 வருடத்தில் தொட்டுவிடலாம். ஜெர்மனியின் எண் நஷ்டஈட்டுக்கான எல்லை. அதற்குக் கீழே இருந்தால் பத்திரம் என்று அர்த்தம் கிடையாது. ஆனாலும் எதை எதோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கிறோம் என்பது இந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.

எடை இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும். இங்கிலாந்தில் 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், மண்டியிட்டும் குத்தவைத்தும் வேலை செய்தவர்களுக்குத் தேய்மான வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு வந்தது. ஆனால் அந்த வேலையோடு உடல் நிறை எண் (பிஎம்ஐ, உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 30-க்கு மேலும் இருந்தவர்களை, ஒல்லியாகவும் அப்படி வேலை செய்யாதவர்களாகவும் இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது 14.7 மடங்கு. எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் கூடுதல் எடை முழுவதையும் முட்டிதான் தூக்கி நிறுத்துகிறது. கழிப்பறையை இடிக்கச் செலவழிக்கும் வீட்டில் எடையைப் பற்றிப் பேச்சு எழுவதே இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

வயிற்றுக்கு எது நல்லது

இந்தப் பகுதியில் குத்தவைப்பவர்கள் கட்சி பெருமளவு ஜெயிக்கிறது. அவர்கள் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அல்ல. மலக்குடலின் கீழ்ப்பகுதியை ஒரு தசை கயிறு போலச் சுற்றி முன்னால் இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்த வளைவு இருப்பதால்தான் நாம் அடக்கிக்கொள்ள முடிகிறது. குத்தவைத்தால் தசை தளர்ந்து வளைவு நிமிர்கிறது. 2010-இல் ஜப்பானில் ஆறு பேரை வைத்து அளந்தார்கள்: உட்கார்ந்தால் 100 பாகை, குத்தவைத்தால் 126. இஸ்ரேலில் 28 பேர் தாங்களே நேரம் பார்த்துக் குறித்ததில், குத்தவைத்தபோது சராசரி 51 விநாடி, வழக்கமான உயர வெஸ்டர்ன் கோப்பையில் 130 விநாடி. முக்குவதும் குறைவாக இருந்தது என்றார்கள்.

வெஸ்டர்ன் வைத்தாயிற்று, இனி என்ன செய்வது என்பவர்களுக்குக் காலடியில் சிறு முக்காலி. அமெரிக்காவில் 52 பேர் நான்கு வாரம் அது இல்லாமலும் அதைப் போட்டும் பார்த்ததில் 90 சதவீதம் பேர் முக்குவது குறைந்தது என்றும், 71 சதவீதம் பேர் சீக்கிரம் முடிந்தது என்றும் சொன்னார்கள். ஜப்பான் அளவீட்டிலோ, உட்கார்ந்த நிலையில் தொடையை மட்டும் தூக்கி மடக்கியதால் கோணம் மாறவே இல்லை. இரண்டும் சின்ன ஆய்வுகள்தான். முக்காலி மலிவு, கெடுதல் இல்லை. போட்டுப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வது. முக்காலி போட்டு முழங்கையைத் தொடைமேல் ஊன்றி முன்னால் சாய்ந்தால் இன்னும் நன்றாக இருக்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

குடல் புற்றுநோய்ப் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. ஈரானில் இரண்டு வகைக் கழிப்பறையும் புழக்கத்தில் இருப்பதால் அங்கே நோயாளிகளையும் நலமானவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், தொடர்பு தென்படவில்லை. மூல நோய்க்குக் கோப்பையைவிடப் போனைத்தான் நான் சந்தேகிப்பேன். பாஸ்டனில் பெருங்குடல் பரிசோதனைக்கு வந்த 125 பேரிடம் நடத்தி 2025-இல் வெளியான ஆய்வில், கழிப்பறைக்குப் போன் கொண்டுபோகிறவர்களுக்கு மூல வாய்ப்பு 46 சதவீதம் அதிகம். அவர்களில் 37 சதவீதம் பேர் ஒரு தடவையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். போன் இல்லாதவர்களில் 7 சதவீதம் பேர்தான். இங்கேயும் பேசுவது நேரம்தான். குத்தவைத்து ரீல்ஸ் பார்க்கக் கால் விடாது, வெஸ்டர்ன் விடும்.

நாற்காலியின் பங்கு

தான்சானியாவில் ஏயாசி ஏரிப் பக்கம் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் தொடையில் கருவி கட்டி அளந்த ஆய்வு 2020-இல் வந்தது. அவர்களும் நாளில் ஏறக்குறைய 10 மணி நேரம் ஓய்வாகத்தான் இருக்கிறார்கள். அலுவலக ஊழியரின் கணக்குக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஓய்வில் ஒரு பங்கு குத்தவைத்தும் மண்டியிட்டும் கழிகிறது. அந்த நிலைகளில் கால் தசைகள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. நாற்காலியில் கிட்டத்தட்ட அணைந்துவிடுகின்றன. இதய நோய்க்கான அறிகுறிகள் அவர்களிடம் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

பிரேசிலில் இன்னும் நேரடியான சோதனை. 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். கையையோ முட்டியையோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கழிப்பு, மொத்தம் 10. அடுத்த ஆறு ஆண்டுச் சொச்சத்தில் 159 பேர் இறந்தார்கள். 0 முதல் 3 வரை எடுத்தவர்களின் இறப்பு வாய்ப்பு, 8 முதல் 10 வரை எடுத்தவர்களைவிட ஐந்தாறு மடங்கு. தரையில் உட்கார்ந்து எழுந்தால் ஆயுள் நீளும் என்று இதற்கு அர்த்தம் பண்ணிவிடக்கூடாது. எழ முடியாத உடம்பில் ஏற்கெனவே பல விஷயங்கள் தளர்ந்திருக்கின்றன என்பதுதான் இதன் செய்தி. ஆனால் தளர்ந்துவிடாமல் இருக்க, அன்றாடம் முழு வீச்சில் இறங்கி எழும் வாய்ப்பு நம் வீடுகளில் கடைசியாக மிச்சமிருப்பது கழிப்பறையில்தான். வலியே இல்லாத 45 வயதுக்காரர் "வருமுன் காப்போம்" என்று அதையும் எடுத்துவிடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

யார் விட வேண்டும், எதை முதலில் விட வேண்டும்

செயற்கை முட்டி பொருத்தியவர்கள் விட்டுவிட வேண்டும். வழக்கமான அறுவைக்குப் பின் முட்டி 110, 120 பாகை மடங்கும். குத்தவைக்க 111-இலிருந்து 165 வரை தேவைப்படும். மடங்கினாலும் பாரம் கொடுப்பது அந்தப் பிளாஸ்டிக் பகுதிக்கு நல்லதல்ல. ஜவ்வு கிழிந்து முட்டி பூட்டிக்கொள்கிறவர்களும், எழும்போது கை ஊன்றியும் முடியாதவர்களும் வெஸ்டர்னுக்கு மாறுவதே சரி. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. குத்தவைத்தால் அழுத்தம் ஏறும், சட்டென்று எழுந்தால் இறங்கும். இருட்டிக்கொண்டு வந்து கழிப்பறையில் விழுவது இப்படித்தான். பிறவி இதயக் கோளாறால் நீலம் பாயும் சில குழந்தைகள் ஓடி விளையாடிவிட்டுத் தாங்களாகவே குத்தவைத்து மூச்சு வாங்குவார்கள். கால் இரத்தக் குழாய்களின் எதிர்ப்பு கூடி நுரையீரலுக்குப் போகும் இரத்தம் அதிகமாவதால் அவர்களுக்கு அது நிவாரணம். பெரியவர்களைத் தள்ளாட வைக்கும் அதே மாற்றம்தான்.

களை எடுக்கிறவர்கள், கடலை பறிக்கிறவர்கள், குந்தியபடியே மணிக்கணக்கில் நகர்கிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. முட்டிக்கு வெளிப்பக்கம் கீழே கைக்குத் தட்டுப்படும் குமிழ் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. நெடுநேரம் மடக்கியிருந்தால் அது நசுங்கி, எழுந்து நடக்கும்போது பாதம் தொங்கிப் போகும். ஸ்ட்ராபெர்ரி பறிப்பவர்களிடம் அடிக்கடி கண்டதால் அந்தத் தொழிலின் பெயரிலேயே மருத்துவத்தில் வழங்குகிறது. பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடும். பாதம் இழுக்கிறது என்று தெரிந்த அன்றே குத்தவைத்துச் செய்யும் வேலையை நிறுத்தினால்.

மற்றவர்களுக்கு நான் சொல்லும் வரிசை வீட்டுக்கு வீடு மாறாது. முதலில் பாத்திரம் தேய்க்கும் இடம் மேலே ஏற வேண்டும். சிங்க் இல்லையென்றால் ஒன்றரை அடி உயர ஸ்டூலாவது வேண்டும், மனைப்பலகை போதாது. அடுத்தது துணி துவைக்கும் கல், இடுப்பு உயரத்துக்கு. அரிவாள்மனையில் அரை மணி என்றால் இருக்கட்டும்; கல்யாணச் சமையலுக்கு வெங்காயம் உரிக்கிறவர் என்றால் மேசை கேட்க வேண்டும், கேட்கும் நிலையில் அவர் பெரும்பாலும் இல்லை என்பது வேறு விஷயம். பிறகு எடை. பிறகு தொடைத் தசைக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, கையை ஊன்றாமல், நாளுக்கு இரண்டு வேளை. கழிப்பறைக்கு முதலில் சுவரில் ஒரு ஸ்டீல் கைப்பிடி, உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில், கான்கிரீட்டில் நன்றாக இறக்கி, இழுத்தால் அசையாதபடி. தண்ணீர்க் குழாயைப் பிடித்து எழுகிறவர்கள் ஒரு நாள் குழாயோடு சேர்ந்து விழுவார்கள். கைப்பிடி வைத்து ஆறேழு வாரம் பார்த்தும் எழ முடியவில்லை என்றால் அப்போது கோப்பையை மாற்றலாம்.